ஒரு துளை தள்ளி மாட்டுங்கள்!

குழந்தைக்கு ஆசையாக விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிறோம். நாலு நாள் நன்றாக ஓடுகிறது. ஐந்தாம் நாள் மக்கர் செய்கிறது. குழந்தை அதைத் திருப்பிப் பார்க்கிறது. ஆணியைத் தடவிப் பார்க்கிறது.

உடனே நாம் என்ன சொல்லுகிறோம்?

"அதைத் தொடாதடா! விலை கொடுத்து வாங்கினது. கெட்டுப் போகும்!"

பிறகு அந்தச் சாமான் பரணுக்குப் போகிறது. குழந்தையின் கை சும்மா இருக்கப் பழகுகிறது.

இது சரியா?

சரியில்லை. பழுதான விளையாட்டுச் சாமான், பழுதாகாத சாமானைவிட நல்ல வாத்தியார். அதைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துச் சரி செய்யச் சொல்ல வேண்டும். இதுதான் என் கட்சி. இதற்குச் சாட்சியாக ஒரு சின்ன லாரியைக் கூப்பிடுகிறேன்.

ரிமோட் லாரி

இந்தக் காலத்தில் பல வீடுகளில் ரிமோட் லாரி இருக்கிறது. பெரிய பெரிய சக்கரம். மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஏறி ஓடும். லாரிக்கும் நமக்கும் நடுவே கம்பி கிடையாது. கையில் உள்ள கருவியை அழுத்தினால் வானொலி அலை போகிறது. லாரி அதற்குக் கீழ்ப்படிகிறது.

இந்த வித்தை பழையது. 1898-ம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி, நியூயார்க் நகரத்தில் ஒரு சிறு படகை இப்படி ஓட்டிக் காட்டினார். ஜப்பான் நாட்டில் ஷிசுவோகா என்ற ஊர் உண்டு. அங்குள்ள டாமியா கம்பெனி 1976-ல் இப்படி ஓடும் சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1979-ல் மணலிலும் கரட்டிலும் ஓடக்கூடிய வண்டிகளையும் செய்தது. அந்த வண்டிகளின் வம்சம்தான் இன்றைய ரிமோட் லாரி.

பசுமலை மண்

இந்த லாரிக்கு ஏற்ற ஊர் பசுமலை. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது. மலையடியில் சரளைக் கல். ஒரு பக்கம் மாடக்குளம் கண்மாய். திருப்பரங்குன்றத்துப் பக்கம் போனால் தென்கால் கண்மாய். கோடையில் கண்மாய் வற்றினால் மண் பாளம் பாளமாக வெடிக்கும். மாடு நடந்த குளம்புத் தடம் காய்ந்து கல்லாக நிற்கும்.

சிமெண்டுத் தரையில் ராஜாவைப் போல் ஓடிய லாரி, இந்த மண்ணில் என்ன செய்யும்? பின்பக்கம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். திரும்பும்போது வால் பக்கம் வழுக்கும். மேட்டிலிருந்து குதித்தால் அடிவயிறு தரையில் மோதும்.

"லாரி மட்டம்" என்கிறார் அப்பா. "வேறு ஸ்பிரிங் வாங்கிப் போடு" என்கிறார் மாமா. இரண்டும் அவசரப்பட்ட பேச்சு. பல சமயம் கோளாறு லாரியில் இல்லை. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதைச் சரி செய்யக் காசு வேண்டாம். ஒரு திருப்புளி போதும்.

வில் வண்டி தெரியுமா?

ஷாக் அப்சார்பர் என்றதும் பயப்பட வேண்டாம். நம் பாட்டன் பாட்டிக்கே இதில் பாதி தெரியும். கட்டை வண்டியில் போனால் எலும்பு எண்ணிக்கை தெரிந்துவிடும். வில் வண்டியில் போனால் அந்தத் தொல்லை குறைவு. ஏன்? வண்டிக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு வில் இருக்கிறது. பள்ளத்தின் அடியை அந்த வில் வாங்கிக் கொள்ளுகிறது.

வில்லுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் எழும்பும். எழும்பினால் மறுபடி அமுங்கும். ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எண்ணெய்.

ரிமோட் லாரியின் ஷாக்கைப் பாருங்கள். வெளியே சுருள் ஸ்பிரிங். உள்ளே ஒரு குழாய். நல்ல லாரியாக இருந்தால் குழாய் நிறைய எண்ணெய் இருக்கும். எண்ணெய்க்குள் சின்ன ஓட்டைகள் உள்ள ஒரு வில்லை மேலும் கீழும் போகும். எண்ணெய் அந்த ஓட்டை வழியே மெதுவாகத்தான் வழி விடும். ஆகவே ஆட்டம் அடங்குகிறது. ஸ்பிரிங் தாங்கும். எண்ணெய் அடக்கும். இவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் ஏறும் பஸ்ஸிலும் இதே முறைதான். மோட்டார் சைக்கிளிலும் இதே முறைதான்.

கதவைத் தள்ளிப் பாருங்கள்

பின் சக்கரத்தை ஒரு கை தாங்குகிறது. அந்தக் கையின் ஒரு முனை லாரியின் உடம்போடு கீல் போட்டது போல் சேர்ந்திருக்கும். மறு முனையில் சக்கரம். ஷாக்கின் கீழ் முனை இந்தக் கையில் உள்ள துளையில் மாட்டும். மேல் முனை லாரியின் உடம்பில் நிற்கும் ஒரு தகட்டில் மாட்டும். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும்.

ஏன் இத்தனை துளை? அதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டுக் கதவுக்குப் போங்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளுங்கள். கஷ்டமாக இருக்கும். ஓரத்தில் கை வைத்துத் தள்ளுங்கள். சுண்டுவிரல் போதும்.

ஷாக்கும் அப்படித்தான். கீலுக்குப் பக்கத்துத் துளையில் மாட்டினால் அதற்குச் சக்கரத்தை அடக்கும் பலம் குறைவு. சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும். பின்பக்கம் மென்மையாக இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்துத் துளையில் மாட்டினால் பலம் அதிகம். பின்பக்கம் விறைப்பாக இருக்கும்.

மேல் துளைக்கு வேறு உதாரணம். பந்தல்கால் நேராக நின்றால் பாரம் தாங்கும். சாய்ந்து நின்றால் அவ்வளவு தாங்காது. ஷாக் நிமிர்ந்து நின்றால் விறைப்பு. மேல் முனையை உள்பக்கமாகத் தள்ளி மாட்டினால் ஷாக் சாய்ந்து படுக்கும். அப்போது மென்மை. சின்னக் கல்லுக்கெல்லாம் சக்கரம் இணங்கிப் போகும். பெரிய மேட்டில் சக்கரம் மேலே ஏற ஏறப் பலம் கூடும்.

கொஞ்சம் கணக்கு

ஒரு துளை தள்ளினால் அப்படி என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள்.

கீலிலிருந்து சக்கரம் 80 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் துளை 40 மில்லிமீட்டரில் இருக்கிறது. அடுத்த துளை 48 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஷாக் நேராக நிற்கிறது.

சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்புகிறது. முதல் துளையில் மாட்டினால் ஸ்பிரிங் 5 மில்லிமீட்டர் அமுங்கும். அடுத்த துளையில் மாட்டினால் 6 மில்லிமீட்டர் அமுங்கும். அதிகம் அமுங்கினால் அதிகம் எதிர்க்கும். இது ஒரு லாபம். கீலிலிருந்து தள்ளி நிற்பதால் அந்த எதிர்ப்புக்கு வலுவும் கூடுகிறது. இது இரண்டாவது லாபம். ஒவ்வொரு லாபமும் 5-க்கு 6. இரண்டையும் பெருக்குங்கள். 25-க்கு 36 ஆகிறது. முன்பு சக்கரத்தில் 100 பங்கு விறைப்பு இருந்தால் இப்போது 144 பங்கு!

ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். செலவு காலணா இல்லை. 8 மில்லிமீட்டர் தள்ளியதில் இத்தனை மாற்றம். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்துகிறார்கள். பின்னக் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டும் இந்தச் சின்ன லாரியின் பின்பக்கத்தில் உயிரோடு இருக்கின்றன.

எப்படிச் செய்வது?

முதலில் லாரியை நிறுத்திப் பாட்டரியைக் கழற்றுங்கள். சக்கரம் சுழலும்போது விரல் போகக் கூடாது.

பிறகு பின்பக்கத்தைக் கையால் அமுக்கி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் நல்லது. மூன்று நான்கு தரம் ஆடினால் எண்ணெய் கசிந்திருக்கலாம். அப்படியானால் துளையை மாற்றுவதற்கு முன் கசிவைச் சரி செய்யுங்கள்.

இப்போது மேல் துளையிலிருந்து தொடங்குங்கள். மேல் துளையை மாற்றினால் பெரும்பாலும் சின்ன மாற்றம்தான் வரும். கீழ்த் துளையை மாற்றினால் பெரிய மாற்றம் வரும். பின்பக்கம் சரளைக் கல்லில் துள்ளினாலும், திரும்பும்போது வால் வழுக்கினாலும் விறைப்பு அதிகம் என்று அர்த்தம். மேல் முனையை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டுங்கள். குதிக்கும்போது அடிவயிறு மோதினாலோ, லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்தாலோ மென்மை அதிகம். ஒரு துளை வெளியே தள்ளி மாட்டுங்கள். போதவில்லை என்றால் பிறகு கீழ்த் துளைக்கு வாருங்கள்.

இடப்பக்கம் எந்தத் துளையோ, வலப்பக்கமும் அதே துளை. இதை மறந்தால் லாரி நொண்டும்.

கீழ்த் துளையை மாற்றினால் லாரியின் உயரமும் மாறலாம். ஸ்பிரிங் மேல் உள்ள வளையத்தைத் திருகிப் பழைய உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். சக்கரத்தைக் கையால் முழுக்க மேலே தூக்கிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது. ஷாக் எங்கும் முட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்! இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாது. ஒரு மாற்றம் செய்யுங்கள். அதே தரையில் ஓட்டுங்கள். என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையா? பழைய துளைக்கே திரும்புங்கள்.

எந்த லாரிக்கு இது செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மலிவு லாரிகளில் ஷாக் வெறும் அலங்காரம். துளையும் ஒன்றுதான். அதில் சூட்டுக்கோல் வைத்துப் புதுத் துளை போடாதீர்கள். பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

மதுரைக்காரர் காட்டிய வழி

காரணம் எங்கே என்று தேடிப் பிடிக்கும் புத்தி மதுரைக்குப் புதிதல்ல. மதுரையை மோட்டார்த் தொழிலுக்குப் பேர் போன ஊராக்கியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1877-ல் பிறந்து 1955-ல் மறைந்தவர். 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். அந்தக் காலத்துச் சாலையில் லாட ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பஸ் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகும். "டயர் மட்டம்" என்று அவர் சும்மா இருக்கவில்லை. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார். இரண்டாவது உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரி வாயுவில் பஸ் ஓட வழி செய்தார்.

குறையைக் கண்டவுடன் பொருளைத் தூக்கி எறிவது ஒரு வகைப் புத்தி. குறைக்குக் காரணம் என்ன என்று குனிந்து பார்ப்பது இன்னொரு வகைப் புத்தி. இரண்டாவது புத்தியால்தான் தொழில் வளர்ந்தது.

ஷாக்கை மாட்டும் இடத்தை மாற்றி உலகப் பட்டம் பெற்ற கதையும் உண்டு. கரட்டு நிலத்தில் ஓடும் பந்தய மோட்டார் சைக்கிள்களில் ஒரு காலத்தில் பின் சக்கரம் சுமார் 4 அங்குலம்தான் மேலும் கீழும் போகும். 1970-களின் தொடக்கத்தில், பின் ஷாக்கை முன்பக்கமாகச் சாய்த்து மாட்டிப் பார்த்தார்கள். சக்கரம் இன்னும் தாராளமாக ஏறி இறங்கியது. பெல்ஜிய நாட்டு லூசியன் டில்கென்ஸ் வேறொரு வழி கண்டார். இரண்டு ஷாக்குக்குப் பதிலாக ஒரே ஷாக்கைப் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் படுக்க வைத்தார். யமஹா கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1973-ல் அந்த அமைப்புள்ள வண்டியில் ஸ்வீடன் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். எஞ்சின் அளவு எல்லோருக்கும் அதே 250 சி.சி. தான். ஷாக்கை எங்கே மாட்டுவது என்ற கேள்வி அவ்வளவு பெரிய கேள்வி!

பெரிய வண்டியில் விளையாடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு மோட்டார் சைக்கிளைப் பிரிக்க வேண்டாம். சில இளைஞர்கள் தனி இரும்புத் துண்டு வைத்து, பின் ஷாக்கை உயர்த்தி மாட்டுகிறார்கள். வண்டி தேள் மாதிரி வாலைத் தூக்கி நிற்கிறது. பார்க்க மிடுக்குதான். ஆனால் வால் உயர்ந்தால் முன் சக்கரத்தின் சாய்வு மாறும். வேகத்தில் கைப்பிடி நிலை கொள்ளாமல் ஆடலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் கட்டுப்படுத்துகிறது. ரிமோட் லாரி குப்புற விழுந்தால் நிமிர்த்தி வைக்கலாம். பெற்ற பிள்ளை விழுந்தால்?

மோட்டார் சைக்கிளில் நாம் தொட வேண்டியது கம்பெனியே கொடுத்திருக்கும் வளையம் ஒன்றைத்தான். பல வண்டிகளில் பின் ஷாக்கில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் திருப்பாதவர்களே அதிகம். பின்னால் தாயாரோ மனைவியோ உட்காரும்போது வண்டி தாழ்கிறது. முன் விளக்கு மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கிறது. வளையத்தை ஒரு படி ஏற்றினால் வண்டி பழைய உயரத்துக்கு வரும். தனியே போகும்போது இறக்கிவிடலாம். வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங்கே கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உயரம்தான் மாறுகிறது. சின்ன லாரியில் வளையத்தைத் திருகிப் பார்த்த பிள்ளைக்கு இது தானாகப் புரியும். நமக்கும் அதுவே சொல்லித் தரும்.

படிப்பு கெடுமா?

"இதெல்லாம் செய்து கொண்டிருந்தால் படிப்பு என்ன ஆவது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. விளையாட்டுக்கு நேரம் வைக்க வேண்டும். ஆனால் லாரியை மணிக்கணக்காக ஓட்டுவது வேறு. கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு துளை மாற்றி, விளைவை எழுதி வைப்பது வேறு. இரண்டாவது காரியமும் படிப்புதான். லாரி வைத்திருக்கிற பிள்ளையெல்லாம் இன்ஜினீயர் ஆகப் போவதில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் "ஏன்?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் தையற்காரருக்கும் வேண்டும். சமையல் செய்கிறவருக்கும் வேண்டும். டாக்டருக்கும் வேண்டும்.

"ஏதாவது உடைந்து போனால்?" என்று இன்னொரு கேள்வி. உடையலாம். ஒரு சிறு திருகாணி தொலையலாம். ஒரு தட்டில் துணி விரித்து, கழற்றியதை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். தொலைவது குறையும். அப்படியும் ஒன்று தொலைந்தால், அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள்.

பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டுண்டு. லாரியைச் சாலையில் ஓட விடாதீர்கள். பசுமலை வழியே போகிற சாலையில் பஸ்ஸும் லாரியும் ஓயாமல் ஓடுகின்றன. விளையாட்டு வண்டியைத் துரத்திக்கொண்டு பிள்ளை சாலைக்கு ஓடிவிடும். அடுத்தது பாட்டரி. இந்த லாரிகளில் பலவற்றுக்கு லித்தியம் பாட்டரி. அதைச் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். உப்பிய பாட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். தீப் பிடிக்கும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஆணும் பெண்ணும் இருந்தால், ரிமோட் பையன் கையில் இருக்கிறது. பெண் வேடிக்கை பார்க்கிறாள். திருப்புளியை அவள் கையிலும் கொடுங்கள். நெம்புகோலுக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. ஒருவர் துளையை மாற்றட்டும். ஒருவர் நோட்டில் எழுதட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையை மாற்றிக் கொள்ளட்டும்.

பிள்ளைகளுக்குப் புது லாரி வாங்கித் தர எல்லோராலும் முடியாது. ஆனால் இருக்கிற லாரியைத் திறந்து பார்க்க அனுமதி கொடுப்பது எல்லோராலும் முடியும். அந்த அனுமதிக்குக் கடையில் விலை கிடையாது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.